ஏலத்துக்கு முன் குத்தகை: பழனி மலைப் பகுதியில் கடனில் சிக்கிய குடியிருப்பு வீடுகளும் சர்ஃபாசி சட்டமும்

வீட்டுக் கடனில் தவணை தவறி, வங்கி வீட்டைக் கைக்கொண்டுவிட்டால் அடுத்தது ஏலம்தான் என்று கடன் வாங்கியவர் நம்புகிறார். வங்கி அலுவலரும் அப்படித்தான் நடந்துகொள்கிறார். சட்டமோ அவ்வளவு குறுகியதாக இல்லை. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், 13(4)(அ) பிரிவில், கைக்கொண்ட பிணைச் சொத்தைக் குத்தகைக்கு விடலாம், உரிமை மாற்றலாம், விற்கலாம் என்று மூன்று வழிகளைச் சொல்கிறது. குத்தகையே முதலில் நிற்கிறது. கடனாளிக்கே குத்தகைக்கு விடலாகாது என்ற தடை அப்பிரிவில் இல்லை. குடும்பம் குடியிருக்கும் ஒரே வீடாக இருந்தால், ஏலத்துக்கு முன் அக்குடும்பத்துக்கே அதை வாடகைக்கு விடும் வழியை வங்கி ஆராய்ந்தே தீர வேண்டும் என்பதும், கொடைக்கானல் வட்டத்தின் நிலைமை இத்தேவையைத் தெளிவாகக் காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. உரிமையாளரே வாடகைதாரர் ஆக முடியுமா?

வங்கி கைக்கொண்ட பின்னும், விற்கும் வரை வீட்டின் உரிமை கடனாளியிடமே இருக்கிறது. தன் வீட்டுக்குத் தானே வாடகை கொடுப்பது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். தமிழகத்து ஒத்தி வழக்கத்தில் இதற்கு விடை உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 58(ஈ) பிரிவில், அனுபோக அடமானம் என்ற பெயரில் இதை ஏற்றுக்கொண்டுள்ளது. நிலத்தையோ வீட்டையோ ஒத்திக்குக் கொடுத்தவர், ஒத்திக்காரரிடமிருந்து அதையே குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு உழுவதும் குடியிருப்பதும் நெடுங்கால நடைமுறை. உரிமை ஒருவரிடமும் அனுபவிக்கும் உரிமை மற்றவரிடமும் பிரிந்து நிற்பதால் அந்தக் குத்தகை செல்லுபடியாகிறது. கடனைத் தீர்த்ததும், 60ஆம் பிரிவு தரும் மீட்புரிமையால் சொத்து முழுமையாகத் திரும்புகிறது. வங்கி கைக்கொண்ட வீட்டுக்கும் இதே அமைப்பு பொருந்தும்.

2. கிரயப் பொறி

இதே ஏற்பாடு கந்துவட்டிக்காரரின் கையில் பொறியாகிறது. கடனுக்கு ஈடாக அடமானப் பத்திரத்துக்குப் பதில் கிரயப் பத்திரம் எழுதி வாங்கப்படுகிறது. குடும்பம் அதே வீட்டில் வாடகை ஒப்பந்தத்தோடு தொடர்கிறது. வட்டி, வாடகை என்ற பெயரில் வசூலாகிறது. திருப்பிக் கொடுப்போம் என்ற உறுதி வாய்வார்த்தையாகவோ தனித் தாளிலோ நிற்கிறது. 1929ஆம் ஆண்டுத் திருத்தம் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58(இ) பிரிவில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்தில் இடம்பெறாவிட்டால், அது அடமானமாகக் கருதப்படாது. ஆகவே தனித் தாளை நம்பியவர் மீட்புரிமையை இழக்கிறார். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் அதிக வட்டியைத் தண்டிக்கிறது. ஆனால் வட்டி வாடகை வேடம் போட்டிருக்கும்போது மெய்ப்பிக்கும் சுமை கடனாளியின் தலையில் விழுகிறது.

செலவும் சிறியதன்று. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டைக் கிரயம் செய்து மீண்டும் கிரயம் பெற்றால், இரு பதிவுகளுக்கும் சேர்த்து 5.40 லட்சம் போய்விடும். உரிமை கைமாறாத குத்தகையில் இந்தச் சுமை இல்லை. முன்னாள் உரிமையாளருக்கு வாடகைக்கு விடுவது நல்லதா கெட்டதா என்பதை, உரிமை யாரிடம் இருக்கிறது, மீட்கும் வழி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற இரண்டுமே தீர்மானிக்கின்றன.

3. மலையின் வருமானமும் 90 நாள் விதியும்

கொடைக்கானலில் பல குடும்பங்களின் ஆண்டு வருமானம் ஏப்ரல், மே சீசனை நம்பியிருக்கிறது. ஏரிச்சாலைக் கடைக்காரர், குதிரைக்காரர், டாக்சி ஓட்டுநர், அறை வாடகைக்கு விடுபவர் எல்லாருக்கும் மழை மாதங்கள் மெலிந்தவை. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டிப் பகுதிகளில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் அறுவடைக்கு வரும்போதுதான் கையில் பணம் புழங்கும். வீட்டுக் கடன் தவணையோ மாதாமாதம் வருகிறது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் வாராக் கடனாகிறது. பயிர்க் கடனுக்கு மட்டும் இதே ரிசர்வ் வங்கி பருவத்தை அளவுகோலாக வைத்துள்ளது: குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம். பருவ வருமானத்தில் வாழும் அதே விவசாயியின் வீட்டுக் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை.

வாராக் கடனான பின் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின் கீழ் 60 நாள் நோட்டீஸ், அதன் பின் கைக்கொள்ளல். எதிர்க்க வேண்டுமானால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும். மலையிலிருந்து மதுரைக்கு இறங்கியாக வேண்டும். வேளாண் நிலத்துக்கு 31ஆம் பிரிவு விலக்கு தந்தாலும், நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்தே அது முடிவாகும் என்று பாப்பிரெட்டியார் வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் கூறியது. ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு அந்த விலக்கு உதவாது.

ஏலத்தில் எந்த ஊர்க்காரரும் பங்கேற்கலாம். கொடைக்கானலில் வீட்டின் விலையை உள்ளூர்ச் சம்பளம் தீர்மானிப்பதில்லை. அதைத் தங்கும் விடுதியாகவோ விடுமுறை வீடாகவோ பார்ப்பவரின் பணமே தீர்மானிக்கிறது. சரிவான நிலமும், காடும், மலைப் பகுதிக் கட்டட விதிகளும் புது வீடு பெருகுவதைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே இங்கே வீட்டை இழக்கும் குடும்பம் பெரும்பாலும் மலையையே விட்டு இறங்க நேர்கிறது. பிள்ளைகளின் பள்ளியும் பெரியவர்களின் தொழிலும் அதோடு போய்விடுகின்றன.

4. பிற நாடுகள் கற்றுத் தந்தவை

2009 நவம்பரில் அமெரிக்காவின் ஃபேனி மே நிறுவனம், வீட்டை ஒப்படைத்தவர் சந்தை வாடகைக்கு 12 மாதம் வரை அதே வீட்டில் இருக்க வழி செய்தது. அது மூச்சுவிட நேரம் தந்தது, மீட்பு தரவில்லை. இங்கிலாந்தில் தனியார் நிறுவனங்கள் வீட்டை மலிவாக வாங்கி வாடகைக்கு விட்டன. 2012இல் ஆய்வு செய்த நிதிச் சேவைகள் ஆணையம், அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாதவை அல்லது பொருந்தாதவை என்று கண்டது. அந்தச் சந்தையே அநேகமாக மூடப்பட்டது. அயர்லாந்தில் 2012இல் தொடங்கிய திட்டத்தில் சமூக வீட்டுவசதி அமைப்புகள் வீட்டை வாங்கி, பழைய உரிமையாளருக்கே வருமானத்துக்கேற்ற வாடகைக்கு விடுகின்றன. குறுகிய காலமும் மலிவு விலையும் கெடுத்ததை, பொது அமைப்பின் பொறுப்பு சீர்செய்திருக்கிறது.

5. மறுப்புகளும் நிபந்தனைகளும்

ஆள் இருக்கும் வீடு விலை குறையும் என்பது வங்கிகளின் முதல் மறுப்பு. மூடிக் கிடக்கும் வீடும் விலை குறையும்; பனியும் மழையும் நிறைந்த மலையில் அது இன்னும் விரைவாகக் குறையும். ஏலத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களில் வங்கிக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை. தவணை கட்டாதவருக்குச் சலுகை தவறான பழக்கமாகும் என்பது இரண்டாவது மறுப்பு. குடியிருக்கும் ஒரே வீடு, ஒழுங்கான வாடகை என்ற இரு வரம்புகள் அதற்குப் போதுமானவை. வாடகை வட்டிக்கே போதாது என்ற மூன்றாவது மறுப்புக்கு வலு உண்டு. ஆகவே குத்தகைக் காலத்தில் கூட்டுவட்டி நிறுத்தப்பட வேண்டும். வாடகை முழுவதும் கடனில் வரவு வைக்கப்பட வேண்டும். சீசன் மாதங்களில் கூடுதலாகவும் மழை மாதங்களில் குறைவாகவும் வாடகை அமைய வேண்டும்.

சட்டத்திலும் ஒரு கவனம் தேவை. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 13(8) பிரிவு, கடனை முழுதும் கட்டிச் சொத்து கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பை, ஏலம், குத்தகை, விற்பனைக்கான அறிவிப்பு வெளியாகும் நாளோடு முடித்துவிடுகிறது. ஆகவே உரிமை கடனாளியிடமே இருக்கிறது, குத்தகைக் காலம் முழுதும் அவர் கடனைத் தீர்த்து வீட்டை மீட்கலாம் என்ற வாசகம் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். ஏலத்தில் ஆள் வராமல் வங்கியே வாங்கும் வீடுகளுக்கு 13(5அ) முதல் 13(5இ) வரையிலான பிரிவுகளும், வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் பொருந்தும். அப்பிரிவு வங்கி சொத்தை வைத்திருக்க ஏழு ஆண்டு அனுமதிக்கிறது. அந்த ஏழு ஆண்டையே திரும்ப வாங்கும் கெடுவாக வைக்கலாம்.

சர்ஃபாசி விதிகள் விற்பனைக்கு வகுத்த நடைமுறையைப் போல, கடனாளிக்கே விடும் குத்தகைக்கும் ஒரு நடைமுறையை ஒன்றிய அரசு வகுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி, பருவ வருமானம் உள்ள மலைப் பகுதிகளில் வீட்டுக் கடன் தவணையையும் பருவத்தோடு பொருத்த வேண்டும். புதுச் சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. 2002இலேயே நாடாளுமன்றம் எழுதிவைத்த குத்தகை வழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் போதும்.