பாதாளத்தில் வளர்ந்த பிள்ளைகள் பதுளைக்கு வந்த வழி

மந்திரப் பிள்ளைகள் என்றதும் இன்று ஹாரி பொட்டர்தான் நினைவுக்கு வருவான். இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு அவனுக்கு வெகுகாலம் முன்பே மூன்று பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள்: பொன்னர், சங்கர், தங்கை தங்காள்.

கொங்கு நாட்டில் பிறந்த கதை இது. பிள்ளையில்லாத குன்னுடையானும் தாமரையும் தவங்கிடந்து பெற்றவர்கள் இவர்கள். காணிக்கு ஆசைப்பட்ட பங்காளிகள், ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுவிடும்படி மருத்துவச்சியை ஏவுகிறார்கள். தெய்வமோ பையன்களைப் பாதாளத்துக்குக் கொண்டுபோய் வளர்க்கிறது. தங்காளுக்கு வரப்போவது கனவில் தெரியும். படுகளத்தில் மாண்டுகிடக்கும் அண்ணன்மாரைச் சற்று நேரமாவது எழுப்பும் வல்லமையும் அவளுக்குத்தான்.

உடுக்கடித்து இரவிரவாகப் பாடிய இந்தக் கதைக்கு மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் கோயில் உண்டு. திருச்சி, சேலம் பக்கத்தில் கங்காணிமார் ஆள் சேர்த்தபோது கதையும் கூடவே கிளம்பியது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடை. வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வந்தது. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது.

மலையேறிய கதை கூத்தாயிற்று. காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையகத்தின் பெருங்கூத்துகளில் ஒன்றானது. தப்பு முழங்க, விடிய விடிய ஆட்டம். தங்காள் வேடமும் ஆண்களே கட்டினார்கள்.

யோசித்தால் இதில் ஒரு விந்தை உண்டு. கதாநாயகர்கள் நிலவுடைமைக்காரர்கள், ஆடியவர்களோ ஒரு முழ நிலமும் இல்லாத லயத்துச் சனம். அப்படியிருந்தும் ஏன் ஒட்டிக்கொண்டார்கள்? கதைக்குள்ளே அவர்களுக்கும் இடம் இருந்தது என்பது என் எண்ணம். அண்ணன்மாரின் பலமே வீரமலைச் சாம்புவன் என்ற ஒடுக்கப்பட்ட சாதி வீரன்தான். பறிபோன காணியை மீட்கும் பிள்ளைகளின் வழக்கு, ஊரையும் நிலத்தையும் விட்டு வந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும். வாள் தோற்ற இடத்தில் வேலை செய்வதும் தங்கையின் சக்தியே. பெண்களின் கைகளால் ஓடும் தோட்டத்தில் அது வெறும் மாயக்கதையாக இருந்திருக்காது.

1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அதற்கு அடுத்த ஆண்டு, காங்கேயத்துக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். பின்னாளில் அது 26 பகுதி அசைபடமாயிற்று. கலைஞர் கருணாநிதி நாவலாக்கினார். 2011இல் சினிமாவும் வந்தது.

அச்சும் திரையும் எட்டுவதற்கு முன்பே இந்தப் பிள்ளைகளைக் கடல் கடத்தியவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாத தொழிலாளர்கள். ஹப்புத்தளையின் சரித்திரத்தில் தேயிலை முதலாளி லிப்டனுக்கு நிலையான இடம் உண்டு. அந்தந்தத் தோட்டத்தில் கூத்துப் பழக்கிய மாஸ்டர்மாரின் பெயர்களையும், நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும்.