தாய்மொழிக்குச் சட்டம் தந்த பிரபு

ஆட்சி கைக்கு வந்ததும் தம் மொழியைப் பிறர்மேல் திணிப்போரை வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. அமைச்சர் பதவியில் அமர்ந்த பின்னும் பிறமொழிக் குழந்தையின் உரிமையை மறவாதவர் சிலரே. அவர்களுள் ஒருவர் ஹங்கேரி நாட்டுப் பிரபு யோசெப் எட்வெஷ்.

அவர் 1813ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பூடா நகரில் உயர்குடியில் பிறந்தார். அன்னையார் ஜெர்மானியர், ஆதலின் இளமையில் அவர் நாவில் பயின்றது ஜெர்மன் மொழியே. ஹங்கேரிய மொழியைப் பின்னரே கற்றுத் தேர்ந்தார். குடும்பச் செல்வம் அழிந்தபோது எழுதுகோலே அவருக்குத் துணையாயிற்று. 1845இல் வெளிவந்த ‘கிராம எழுத்தர்’ என்னும் புதினத்தில், மாவட்ட அதிகாரிகளின் கொடுமையையும் ஏழைக் குடியானவரின் துயரையும் ஒளிவுமறைவின்றித் தீட்டினார். தம் வகுப்பாரின் ஆட்சியைத் தாமே சாடிய துணிவு அது.

1848ஆம் ஆண்டுப் புரட்சி அவரைக் கல்வி அமைச்சராக்கியது. ஆயினும், அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வி மசோதா மேலவையைக் கடக்கவில்லை. போர்மேகம் சூழவே அவர் பதவி துறந்து மியூனிக் நகர் சென்றார்.

நெடுநாள் காத்திருந்த கனவு, 1867இல் அவர் மீண்டும் அமைச்சரானபோது உயிர்பெற்றது. 1868ஆம் ஆண்டின் 38ஆம் சட்டம், 6 முதல் 12 வயது வரை நாள்தோறும் பள்ளி செல்வதைக் கட்டாயமாக்கியது. அன்றைய ஹங்கேரியில் ஹங்கேரிய மொழியினர் மக்களில் பாதிக்கும் குறைவு. ருமேனியர், ஸ்லோவாக்கியர், ஜெர்மானியர், செர்பியர் எனப் பலரும் வாழ்ந்தனர். இவர்தம் குழந்தைகள் எம்மொழியில் பயில்வது? ஊரில் வழங்கும் மொழிகளுள் ஒன்றாக இருப்பின், ஒவ்வொரு மாணவனும் தன் தாய்மொழியிலேயே கல்வி பெறல் வேண்டும் என்றது அச்சட்டம். பல மொழி வழங்கும் ஊர்களில், அம்மொழிகளில் கற்பிக்க வல்ல ஆசிரியரையே அமர்த்த வேண்டும் என்றும் விதித்தது. அதே ஆண்டில் இயற்றப்பெற்ற தேசிய இனச் சட்டம் ஹங்கேரிய மொழியையே அரச மொழியாக்கியது. எனினும், குழந்தையின் முதற்பாடம் அதன் தாய்மொழியில் தொடங்க வழி இருந்தது.

1871ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் எட்வெஷ் மறைந்தார். 1879இல் ஹங்கேரிய மொழி எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் கட்டாய பாடமாயிற்று. அவர் வகித்த அதே பதவியில் அமர்ந்த மற்றொரு பிரபு, ஆல்பெர்ட் அப்போன்யி, 1907இல் கொணர்ந்த சட்டம் பிறமொழிப் பள்ளிகளை மேலும் நெருக்கியது.

நாற்பது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் ஓர் உண்மையை உணர்த்துகிறது. தாய்மொழிக் கல்விக்குச் சட்டம் வேண்டும். அச்சட்டத்தைக் காக்கும் நெஞ்சங்களும் வேண்டும். காப்பார் இல்லையேல், ஏட்டில் எழுதிய உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.