திண்டுக்கல் மேடையும் நியூயார்க் மேசையும்

நியூயார்க்கில் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு நையாண்டிக்காரர் ஜான் ஆலிவரின் டிவி நிகழ்ச்சி தொடங்கும்போது திண்டுக்கல்லில் திங்கட்கிழமை காலை எட்டரை. அங்கே குளிர்காலம் என்றால் ஒன்பதரை. படுக்கப் போகுமுன் சிரித்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் செய்த நிகழ்ச்சி, நமக்கு ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில் வந்து சேர்கிறது. பேருந்து நிலையத்தில் வத்தலக்குண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஓர் இளைஞர், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு அமெரிக்க மாநிலத்தின் தொகுதி எல்லையைப் பற்றிய நக்கலுக்குத் தனியாகச் சிரித்தால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவருக்கு அங்கே ஓட்டு கிடையாது. அந்தத் தொகுதியில் எவன் ஜெயித்தாலும் திண்டுக்கல்லில் தக்காளி விலை மாறப்போவதில்லை. அப்புறம் ஏன் சிரிக்கிறார்?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க டிவி நையாண்டியை நம்மூர் நையாண்டியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நம்மூர் என்று நான் எடுத்துக்கொள்வது திண்டுக்கல் ஐ. லியோனியின் பட்டிமன்றத்தை. ‘லொள்ளு சபா’ இருக்கிறதே என்பீர்கள். விஜய் டிவியில் வந்த அந்த நிகழ்ச்சி பெரும்பாலும் சினிமாவைத்தான் கலாய்த்தது. சோ ராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ 1968-லேயே மேடையேறி, 1971-ல் படமாகவும் வந்தது. ஆனால் அதுவும் டிவி இல்லை. வாரம் தவறாமல் டிவியில் வந்து, ஆள்பவர்களையும் ஆண்டவர்களையும் ஒரே தட்டில் வைத்துக் கிண்டலடித்து நிலைத்து நின்ற தமிழ் நிகழ்ச்சி என்று எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. நமக்கு இருந்தது மேடை. அதைத்தான் டிவிக்காரர்கள் படம்பிடித்துத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போட்டார்கள்.

மேடைக்குத் திண்டுக்கல் பொருத்தமான ஊர். கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்த எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. 1973 மே மாதம் இங்கே நடந்த மக்களவை இடைத்தேர்தலில் மாயத்தேவரை நிறுத்தி ஜெயித்தது. இரட்டை இலை முதலில் துளிர்த்தது இங்கேதான். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போனது. தேர்தலைத் திருவிழாவாகவும் திருவிழாவைத் தேர்தலாகவும் பார்த்துப் பழகிய மக்கள் இவர்கள். கோயில் கொடையில் பாட்டுக் கச்சேரி ஒரு நாள் என்றால் பட்டிமன்றம் இன்னொரு நாள். பள்ளி ஆசிரியரான லியோனி அந்த மேடைகளில் பேசிப் பேசித்தான் பேர் வாங்கினார். 1990-களில் அவருடைய கேசட் ஓடாத டீக்கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அமெரிக்கச் சரக்கு இங்கே வந்த வழி வேறு. ஜான் ஸ்டூவர்ட்டின் ‘தி டெய்லி ஷோ’வில் ஒரு வாரத்துத் துண்டுகளைக் கோத்து அரை மணி நேரமாக்கி, 2002 முதல் சி.என்.என். இன்டர்நேஷனல் உலகம் முழுக்க ஒளிபரப்பியது. கேபிளில் அந்த சேனல் வந்த வீடுகளில், உண்மைச் செய்திகளுக்கு நடுவே இந்தப் பொய்ச் செய்தியும் வந்தது. இதை நிஜம் என்று நம்பிவிடாதீர்கள் என்று தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வேறு, அதுவும் கிண்டலாக. பின்னால் யூடியூப் வந்து, நிகழ்ச்சியைப் பத்து நிமிடத் துண்டுகளாகக் கைபேசிக்குக் கொண்டுவந்தது.

தொழில்முறையைப் பாருங்கள். ஸ்டூவர்ட்டின் பெரிய ஆயுதம் பழைய வீடியோ. ஒரு செனட்டர் இன்று ஒன்றைப் பேசுவார். உடனே, அதற்கு நேர் எதிராக அவரே நாலு வருடத்துக்கு முன் பேசியதைப் போடுவார்கள். ஸ்டூவர்ட் ஒன்றும் சொல்ல மாட்டார். கேமராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார், அவ்வளவுதான். சிரிப்பை வரவழைத்தது சாட்சியம். அந்தச் சாட்சியத்தைக் கிடங்கிலிருந்து தோண்டி எடுக்கத் தனி ஆட்கள், எழுதுவதற்கு ஒரு குழு, வழக்கு வந்தால் நிற்க வக்கீல்கள். அங்கே வேலை நடப்பது தொழிற்சாலை போல.

லியோனியிடம் இருப்பது ஒரு மைக், நாலைந்து பேச்சாளர்கள், ஒரு கீபோர்டு, ஒரு தபேலா. அவருடைய கிடங்கு சினிமாப் பாட்டு. பழைய பாட்டில் ஓர் அடியை எடுத்து ராகத்தோடு பாடுவார், முக்கால்வாசியில் நிறுத்துவார். மிச்சத்தைக் கூட்டம் மனதுக்குள் பாடி முடிக்கும். அந்தக் கண நேர இடைவெளியில் ஒரு மந்திரியின் பேரையோ பஸ் கட்டணத்தையோ கொண்டுவந்து நுழைப்பார். தலைவர்கள் தும்முவது, துண்டை உதறுவது, வார்த்தையை இழுப்பது எல்லாம் குரலிலேயே வந்துவிடும். இங்கே சாட்சியம் கூட்டத்தின் ஞாபகத்தில் இருக்கிறது. திரையில் எதையும் காட்டத் தேவையில்லை.

ஸ்டூவர்ட்டின் நகைச்சுவையைத் திண்டுக்கல்லில் உட்கார்ந்து புரிந்துகொள்ள முடிகிறது, ஏனென்றால் அவர் ஆவணத்தைக் காட்டிவிட்டுக் கிண்டலடிக்கிறார். லியோனியை நியூயார்க்கில் உட்கார்ந்து ரசிக்க வேண்டுமானால் கண்ணதாசனும் வாலியும் காதில் ஊறியிருக்க வேண்டும். ஒன்று ஏற்றுமதிக்கு ஏற்றது, இன்னொன்று அன்றாடச் சந்தைக்கு ஏற்றது. தரத்தில் இதனால் ஏற்ற இறக்கம் சொல்லிவிட முடியாது. குரல், உடல்மொழி, கூட்டத்தின் நாடியைப் பிடிப்பது என்று வந்தால் லியோனிக்குப் பக்கத்தில் ஆலிவர் நிற்க முடியாது. ஆலிவர் நல்ல வாத்தியார், அவ்வளவுதான். இதில் வேடிக்கை, நிஜ வாத்தியார் லியோனி.

ஆனால் வாத்தியார் வேலை சிறுமைப்பட்ட வேலை இல்லை. அமெரிக்க நையாண்டி எங்கே நம்மை மிஞ்சுகிறது என்று கேட்டால் இன்னொரு டிவி நையாண்டிக்காரரான ஸ்டீபன் கோல்பேரைத்தான் நான் காட்டுவேன். 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், கம்பெனிகள் தேர்தலில் கணக்கில்லாமல் செலவு செய்ய வழி பிறந்தது. ‘சூப்பர் பேக்’ என்ற பெயரில் பண அமைப்புகள் முளைத்தன. இதைக் கண்டித்து நாலு வசனம் பேசியிருக்கலாம். கோல்பேர் என்ன செய்தார் என்றால், தானே ஒரு சூப்பர் பேக் ஆரம்பித்தார். 2011 ஜூனில் தேர்தல் ஆணையத்திடம் முறைப்படி அனுமதி வாங்கினார். அந்த ஆணையத்துக்கே தலைவராக இருந்த டிரெவர் பாட்டர் என்ற வழக்கறிஞரை நிகழ்ச்சியில் உட்கார வைத்து, கொடுத்தவர் பேர் வெளியே வராமல் பணத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று ஒவ்வொரு படியாகக் கேட்டார். பாட்டர் முகத்தில் சலனமே இல்லாமல், எல்லாம் சட்டப்படிதான் என்று பத்திரத்தை நீட்டுவார். கோல்பேர் கேமரா முன்னாலேயே கையெழுத்துப் போடுவார். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பார்த்தவர்கள் சிரித்து முடித்தபோது தேர்தல் நிதிச் சட்டமே அவர்களுக்குப் பாடமாகியிருந்தது. பீபடி விருதும் கிடைத்தது.

திண்டுக்கல்காரருக்கு இது விளங்கச் சிரமமே இல்லை. வைகை ரயில் ஏறினால் மதுரை. மதுரையைத் தாண்டினால் திருமங்கலம். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை. அங்கே அது சூப்பர் பேக், இங்கே அது ஓட்டுக்குப் பணம் வைத்த கவர். ஆனால் கவரைப் பற்றி மேடையில் ஆயிரம் ஜோக் கேட்டிருக்கிறோம். கவருக்குள் வரும் பணம் எந்த வழியாக வருகிறது என்பதை ஒரு ஜோக்காவது விளக்கியிருக்கிறதா? 2018-ல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் கொடுத்தவர் பேர் வாக்காளருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடைப்பட்ட ஆறு வருடத்தில், கோல்பேர் பாணியில் ஒரு தமிழ் நகைச்சுவையாளர் ஆடிட்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பத்திரத்தைப் பிரித்துக் காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! நாம் ஆட்களைக் கேலி செய்வதில் கெட்டிக்காரர்கள். அமைப்பைக் கேலி செய்யப் பொறுமை இல்லை.

பொறுமை மட்டும் காரணம் இல்லைதான். கலைஞர் டிவி யாருடையது, ஜெயா டிவி யார் பக்கம் என்பது குழந்தைக்கும் தெரியும். இப்படிப்பட்ட சேனல்களில் நையாண்டி ஒரு பக்கமாகத்தான் பாயும். லியோனி தி.மு.க.காரர், அதை அவர் மறைத்ததே இல்லை. தேர்தல் மேடையில் எதிர்க்கட்சியை வறுப்பதும் பட்டிமன்றத்தில் நடுவராக உட்காருவதும் ஒரே ஆள். இந்த வெளிப்படைத்தன்மையை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் இரவு நேர நகைச்சுவையாளர்களில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் என்பதும் ஊரறிந்த ரகசியம்தானே. முன்னால் உட்கார்ந்து கைதட்டும் கூட்டம் ஏற்கெனவே அவர்களோடு ஒத்துப்போகிற கூட்டம். டிரம்ப் வந்த பிறகு அந்தக் கைதட்டல் சில நாள் சிரிப்பையே மூழ்கடித்துவிடுகிறது.

2021-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் லியோனி தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தலைவரானார். அமெரிக்காவில் இதற்கு இணை ஆல் ஃபிராங்கன். ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்கு நகைச்சுவை எழுதியவர், மினசோட்டாவிலிருந்து செனட்டராகி 2009-ல் பதவியேற்றார். அங்கே போனதும் ஜோக்கைச் சுருட்டி வைத்துவிட்டு, சிரிக்காத மனிதராக நடந்துகொண்டார். பெண்களிடம் தகாத முறையில் நடந்தார் என்ற புகார்களுக்குப் பின் 2018 ஜனவரியில் விலகினார். லியோனியும் 2021 பிரசாரத்தில் பெண்களின் உடல்வாகைப் பற்றி அடித்த கமெண்ட்டுக்காக நாலா பக்கமும் கண்டனம் வாங்கினார். மைக் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசும் மேடைக்கு எடிட்டர் கிடையாது. கூட்டத்தின் கைதட்டல்தான் எடிட்டர். அது வெட்டச் சொல்வதே இல்லை.

இப்போது அந்த இளைஞரின் சிரிப்புக்கு வருவோம். அவர் சிரிப்பதற்கு ஒரு காரணம், அது செலவில்லாத சிரிப்பு. அமெரிக்க அதிபரைக் கிண்டலடிக்கும் வீடியோவை அவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் எந்த மாவட்டச் செயலாளரும் கூப்பிட்டு விசாரிக்கப் போவதில்லை. அந்தச் சௌகரியம் எதுவரைக்கும் என்பதை 2020 பிப்ரவரி காட்டியது. டிரம்ப் அகமதாபாத் வந்த அதே நேரத்தில் ஆலிவர் பிரதமர் மோடியைப் பற்றி ஒரு பகுதி செய்தார். அப்போது அந்த நிகழ்ச்சியை வழக்கமாகப் போட்டுவந்த ஹாட்ஸ்டார், அந்த வாரத்து நிகழ்ச்சியை மட்டும் போடவில்லை. யூடியூபில் பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

நம்மூர்ப் பத்திரிகைக்கும் இதே கதைதான். 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் இணைய இதழின் அட்டையில் டிரம்ப் பக்கத்தில் விலங்கு மாட்டிய மோடியை வரைந்தார்கள். விகடனின் இணையதளமே முடங்கியது. படத்தை நீக்கிவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. அதே விகடனில் 1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்து வந்த அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அவர் நீதிமன்றத்தில் போராடி ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு வாங்கினார்.

அமெரிக்காக்காரர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட காலமும் போய்விட்டது. தன் சேனலின் தாய் நிறுவனம் டிரம்ப் போட்ட வழக்கை 1.6 கோடி டாலர் கொடுத்து முடித்ததைக் கோல்பேர் 2025 ஜூலையில் லஞ்சம் என்றே திட்டினார். சில நாளில், அவருடைய ‘லேட் ஷோ’வை 2026 மே மாதத்தோடு நிறுத்துவதாக சி.பி.எஸ். அறிவித்தது, காரணம் பண நஷ்டம்தான் என்றது. செப்டம்பரில் இன்னொரு இரவு நேர நகைச்சுவையாளரான ஜிம்மி கிம்மலை ஏ.பி.சி. சில நாள் ஒதுக்கிவைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பக் கூப்பிட்டது. இங்கே சேனல் கட்சிக்காரர் கையில். அங்கே கம்பெனிக்காரர் கையில், கம்பெனிக்காரருக்கோ அரசாங்கத்திடம் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. கோல்பேருக்கு இருந்த சுதந்திரம் ஒரு ஒப்பந்தத்தின் ஆயுள் வரைக்கும்தான்.

என் தீர்ப்பு இது: சிரிக்கவைக்கும் கலையில் நம் மேடை தோற்கவில்லை. தோற்றது கிடங்கை வைத்துக்கொண்டு பயன்படுத்தாததில். 2002-ல் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோவைப் பொடா சட்டத்தில் உள்ளே வைத்தவர் ஜெயலலிதா. 2006 தேர்தலில் இருவரும் ஒரே கூட்டணி. சிறைக்குப் போன நாளின் பேச்சையும் கூட்டணி சேர்ந்த நாளின் பேச்சையும் அடுத்தடுத்து ஓட்டினால் ஸ்டூவர்ட் புருவம் தூக்குவதைவிடப் பெரிய சிரிப்பு வரும். இப்படி எல்லாக் கட்சிக்கும் எல்லாத் தலைவருக்கும் உண்டு. கோபி, சுதாகர் போன்ற இளைஞர்கள் யூடியூபில் பாதி வழி வந்திருக்கிறார்கள். மீம் போடும் பிள்ளைகள் வடிவேலுவை வைத்து மீதியைச் செய்கிறார்கள். முப்பது வருடத்துப் பேச்சு முழுவதும் சேனல்களின் டேப்பில் தூங்குகிறது. அதைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்களே, உங்கள் கட்சித் தலைவரின் டேப்பிலிருந்தே ஆரம்பியுங்கள்.