ஒப்பீட்டு மரபணு: மார்பகப் புற்றுநோய் ஆய்வில்

ஒப்பீட்டு மரபணு என்பது, திசுவில் பிற மரபணுக்களின் வெளிப்பாட்டை அளக்கும்போது அளவுகோலாகக் கொள்ளப்படும், வெளிப்பாடு மாறாத மரபணு. சுழற்சிதோறும் பிரதிகளை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி அளக்கும் நிகழ்நேர பிசிஆர் சோதனையில் மாதிரிக்கு மாதிரி வேறுபடும் ஆர்.என்.ஏ. அளவை இது சமன் செய்கிறது.

உயிரணுவின் அன்றாடப் பணிக்குரிய ஜிஏபிடிஎச், ஏசிடிபி ஆகியவை நெடுங்காலம் சோதிக்கப்படாமலே பயன்பட்டன. ஜிஏபிடிஎச் சர்க்கரைச் சிதைவில் பங்கேற்பது. புற்றுத்திசுவில் அதன் வெளிப்பாடு உயரக்கூடும். அது ஒரே ஒரு சுழற்சி முன்னதாகத் தென்பட்டாலும், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிவு செய்ய அளக்கப்படும் ஹெர்2 மரபணுவின் வெளிப்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். நோயாளியின் சிகிச்சையையே திசைமாற்றக்கூடிய பிழை இது.

இத்தகைய பிழையைத் தவிர்க்க, 2002இல் வெளியான ஜீநார்ம் முறை, நிலையான பல மரபணுக்களின் பெருக்கல் சராசரியைப் பரிந்துரைத்தது. மார்பகப் புற்றுநோய்க்கான, 21 மரபணுக்கள் கொண்ட ஆன்கோடைப் டிஎக்ஸ் சோதனையில் 5 ஒப்பீட்டு மரபணுக்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில், மலேசியப் பெண்களின் 560 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான மைபிஆர்சிஏ ஆய்வு ஆர்.என்.ஏ. வரிசையறிதலைக் கையாண்டது. அம்முறையில் ஒப்பீட்டு மரபணுவுக்குப் பதிலாக, பொதுவாக மொத்த வாசிப்புகளைக் கொண்டு சமன் செய்யப்படும்.  பிசிஆர் சோதனையிலோ ஒப்பீட்டு மரபணுவை ஒவ்வொரு திசுவிலும் தனியே சோதித்தே தேர்வு செய்ய வேண்டும்.