விடுதிப் பள்ளியின் நுழைவாயில்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

உண்டியும் உறையுளும் அளித்துக் கல்வி புகட்டும் ஸ்தாபனங்கள் தமிழ்நாட்டிற்குப் புதியன அல்ல. ஆயினும் அவற்றுள் புக விரும்பும் பிள்ளையை எந்த அளவைகொண்டு அளந்து உள்ளே விடுவது என்ற வினாவுக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை அளித்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்திருந்த பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களை நிலைக்களனாகக் கொண்டு அவ்விடைகளின் சரித்திரத்தை ஆராயப் புகுந்தால், பிரவேசப் பரீட்சை பாரபட்சமற்றது என்ற நம்பிக்கை எவ்விடத்தில் நிற்கிறது, எவ்விடத்தில் தளர்கிறது என்பது புலப்படும்.

இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, எண்ணாயிரம் என்னும் ஊரில் 270 இளைய மாணாக்கரும் 70 முதுமாணாக்கரும் 14 ஆசிரியரிடம் கற்ற உறைவிடக் கல்லூரியைப் பற்றியும், அதற்கு விடப்பட்ட 45 வேலி நிலத்தைப் பற்றியும் கூறுகிறது. இளையவர்க்கு நாள்தோறும் ஆறு நாழி நெல், மூத்தவர்க்கு ஒரு குறுணி இரு நாழி என்று படி அளந்த அந்த ஏற்பாட்டின் நேர்த்தி வியக்கத்தக்கதே. ஆனால் வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் கற்பித்த அக்கல்லூரியின் வாயில் பிறப்பை நோக்கியே திறந்தது. அந்நிலத்தை உழுதவர் வீட்டுப் பிள்ளை அங்கே விண்ணப்பிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே அரியலூர்ப் பகுதியில் ஏலாக்குறிச்சியைத் தம் இருப்பிடமாகக் கொண்ட வீரமாமுனிவர், உபதேசியார்களைப் பயிற்றும் பணியில் ஈடுபட்டு அவர்களுக்காகவே வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை இயற்றினார். அங்கே குலத்தின் இடத்தைச் சமய விசுவாசம் பெற்றது. 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த புனித சூசையப்பர் கல்லூரியும், அதையொத்த பிற மிஷன் ஸ்தாபனங்களும் நாளடைவில் எல்லாச் சமயத்தாருக்கும் இடமளித்தன. எனினும் கிராமத்திலிருந்து நகரத்து விடுதிக்குச் செல்வது நில புலமுள்ள சில குடும்பங்களுக்கே கைகூடியது.

இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் அண்மைக் காலத்தது. பதினோராண்டுப் பள்ளிப் படிப்பும் புகுமுக வகுப்பும் கழிந்து, 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கி, 1980இல் முதல் பிளஸ் டூ அரசுப் பொதுத்தேர்வு நடந்தபோது, மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் செல்லும் வழி அந்த ஈராண்டுக்குள் குறுகிற்று. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் பெருகியதன் காரணம் இதுவேயாம். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மதிப்பெண் சான்றிதழோடு பெற்றோர் அங்கே வரிசையில் நிற்பது வழக்கமாயிற்று. அப்பள்ளிகளில் பல தனியே பரீட்சை வைக்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அவற்றிற்குப் பிரவேசப் பரீட்சை. மிகுந்த மதிப்பெண் பெற்றவர்க்குக் கட்டணச் சலுகையும் குறைந்தவர்க்கு முழுக் கட்டணமுமாக, அறிவும் பணமும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன.

இத்தராசு பெரம்பலூர் உழவனுக்கு எத்தகையது என்பதைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி விதைக்கப்பட்டு, தை மாசியில் வீடு வந்து சேர்வன. பள்ளிக் கட்டணமோ ஜூன் மாதத்தில் கேட்கப்படுவது. கையில் ரொக்கமில்லாத அந்நாளில் நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ, வளைகுடா நாட்டில் உழைக்கும் உறவினரை நாடியோதான் விடுதிப் பணம் திரட்ட வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் இடம்பெறாத இந்தப் பரீட்சையில் தேறாமல் நின்ற பிள்ளைகளை எந்தப் பதிவேடும் கணக்கிட்டதில்லை என்பதை எண்ணும்தோறும் மனம் வருந்துகிறது.

தொழிற்கல்விக்கு 1984 முதல் மாநில அளவில் நடந்த நுழைவுத்தேர்வு, நகரத்துப் பயிற்சி நிலையங்களை அணுக இயலாத கிராமத்தாரைப் பின்தள்ளுகிறது என்ற முறையீட்டின்மேல், 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து சட்டத்தால் நீங்கியது. பள்ளிப் பருவத்திற்கோ 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வரம்பு கட்டிற்று: எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைச் சோதித்துச் சேர்ப்பதை அதன் 13ஆம் பிரிவு தடுத்து, முதன்முறைக்கு 25,000 ரூபாயும் அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாயும் வரை அபராதம் விதிக்கிறது. பதினோராம் வகுப்பு அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகள் 1904 முதல் தமக்குள் ஒரு பொது நுழைவுத் தேர்வை நடத்திவருவதுபோல, நம் தனியார் பள்ளிகள் தமக்கென ஒரு பொதுமுறையை வகுத்துக்கொண்டதில்லை. விதிவிலக்காக, 1962இல் அமராவதிநகரில் தொடங்கிய சைனிக் பள்ளியில் சேர்க்கை வெளிப்படையான எழுத்துத் தேர்வால் நடைபெறுகிறது. ஆறாம் வகுப்புக்குரிய வினாத்தாளைத் தமிழிலும் எழுதலாம், ஒன்பதாம் வகுப்புக்குரியதை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத முடியும். கிராமத்துத் தமிழ்வழிப் பிள்ளைக்கு அங்கே மூன்றாண்டுக்குள் கதவு சாத்தப்படுகிறது.

இந்நிலையில் 2013இல் பெரம்பலூர் ஆட்சியர் தரேஸ் அகமது தொடங்கிய சூப்பர் 30 திட்டம் என் நோக்கில் மிக முக்கியமானது. பத்தாம் வகுப்பில் சிறந்து நின்ற அரசுப் பள்ளி மாணாக்கரைத் தெரிந்தெடுத்து, கட்டணமின்றித் தங்கவைத்துப் பயிற்றுவித்த அத்திட்டம், பணமில்லாதவனையும் பரீட்சைக்கு வரச்செய்து, அதன்பின் அவன் திறமையை அளந்தது. அதன் பயனாகச் சிலர் மருத்துவக் கல்லூரியில் இடமும் பெற்றனர். ஆனால் நாலாண்டுக்குள் மருத்துவச் சேர்க்கைக்கான தேசிய நுழைவுத்தேர்வாகிய நீட் வந்து அளவையையே மாற்றிற்று. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த, சுமைதூக்கும் தொழிலாளியின் மகளான அனிதா, பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 பெற்றும், நீட் தேர்வில் 720க்கு 86 பெற்றதால் இடமிழந்து, 2017 செப்டம்பர் 1ஆம் நாள் உயிர்நீத்தார். ஒரே பிள்ளையின் அறிவை இரு பரீட்சைகள் இவ்வளவு வேறுபட அளக்குமாயின், அவை அளப்பது அறிவை மட்டுமன்று, பயிற்சிக்குச் செலவிட்ட பொருளையும் சேர்த்தே என்று கொள்வது பொருந்தும்.

தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு ஒதுக்கியது. இதனால் தனியார் விடுதிப் பள்ளிக்கு விண்ணப்பிப்பதா என்ற தீர்மானம் பதினோராம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு இறங்கியது. பத்து வயதுப் பிள்ளையை வெளியே அனுப்பும் பெற்றோர், அவ்வொதுக்கீட்டையும் கைவிட நேர்கிறது. மாவட்டந்தோறும் அமைந்துவரும் அரசு உறைவிட மாதிரிப் பள்ளிகளோ ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை ஏற்கின்றன. இடைப்பட்ட மூன்றாண்டுகளுக்கு, ஆதிதிராவிடர் நல விடுதிகளையும் பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளையும் மாதிரிப் பள்ளிகளோடு பிணைத்து, ஆறாம் வகுப்பிலேயே இடமளித்து, தெரிவுக்குரிய அளவையையும் ஜூன் மாதத்திற்கு முன்னரே ஊராட்சிதோறும் அறிவிப்பது அரசு உடனே மேற்கொள்ளத்தக்க காரியம்.