ஏத்தத்துல தட்டுற இன்ஜினும் எலும்புல தங்குற காரீயமும்

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலைப்பாதையில ஏறியிருக்கீங்களா? இல்ல போடிமெட்டுக்குப் போற கொண்டை ஊசி வளைவுகள்ல? முன்னாடி பாரம் ஏத்திட்டு ஒரு பழைய பெட்ரோல் வண்டி போனா ஒரு சத்தம் கேட்கும். தகர டப்பாவுக்குள்ள கோலிக்குண்டு போட்டுக் குலுக்குற மாதிரி, கட கட கடன்னு.

இந்தச் சத்தத்தை நிறுத்தப் போய்தான் உலகம் முழுக்க மூணு தலைமுறைக் குழந்தைகளோட ரத்தத்தில் விஷம் ஏறியது. அதில் டாக்டர்களுக்கும் பங்கு உண்டு. அதனாலதான் இதை நான் எழுதுறேன். நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். எம்பிபிஎஸ் முடிச்சு அரசு மருத்துவமனையில் ஓபி பார்க்கிற ஆள். இன்ஜின் பத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்தது, மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்க வர்ற ஒரு அண்ணன். கம்பம் பக்கம் ஒர்க்‌ஷாப். வயசு அறுபதைத் தாண்டிருச்சு. ஒரு பெட்ரோல் ஜீப்பை வச்சுக்கிட்டு, மலையில் படுத்துட்ட வண்டிகளைக் கட்டி இழுத்துட்டு வர்றதுதான் அவர் பல வருஷம் பார்த்த தொழில்.

கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் அவர் சொன்னது: "இழுவை வண்டி ஏத்தத்துல டாப் கியர்ல போச்சுன்னா இன்ஜின் தட்டும் சார். கியரை இறக்கணும். டைமிங்கைக் கொஞ்சம் பின்னாடி வைக்கணும். ஹெட்டைக் கழட்டி கரியைச் சுரண்டணும். இல்லைன்னா பிஸ்டன் ஓட்டையாகிரும். இதெல்லாம் செஞ்சும் தட்டுச்சுன்னா, பெட்ரோல் சரியில்லைன்னு அர்த்தம்."

இன்ஜின் ஏன் தட்டுது? சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து இறுகி நிற்கும்போது, பிளக்கில் பொறி விழுந்து தீ ஒரு பக்கத்தில் இருந்து பரவணும். அடுப்புல வச்ச சீமார்க்குச்சி நுனியில இருந்து எரிஞ்சுட்டு வர்ற மாதிரி. ஆனா அந்தத் தீ வந்து சேர்றதுக்குள்ள, மூலையில் மிச்சம் இருக்கிற கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிச்சுட்டா? உள்ளே அழுத்த அலை மோதும். நமக்குக் கேட்கிற சத்தம் அதுதான். பாரம் கூடினால், சூடு கூடினால், அமுக்கம் கூடினால் தட்டலும் கூடும்.

சூப்பர்சார்ஜர் மாட்டின வண்டிக்கு இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம். அது காற்றை உள்ளே திணிக்கிற பம்பு. அமுக்கும்போதே காற்று சூடாகிடும். அதுக்குப் பின்னாடி ட்ரெய்லரையும் கட்டி மேட்டில் ஏத்தினா கேட்கவே வேணாம். திணிக்கிற காற்றைக் குளிர வைக்கணும், திணிக்கிற அழுத்தத்தைக் குறைக்கணும், பொறியைத் தாமதமா விடணும், ஆக்டேன் அதிகமான பெட்ரோல் ஊத்தணும். இன்னைக்கும் வழிகள் இவ்வளவுதான். ஆக்டேன் என்பது, தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவு. (ஒரு விஷயம்: நம்ம சந்தைக்குத் தக்காளி ஏத்துற லாரிகள் எல்லாம் டீசல். டீசல் தட்டுற கணக்கு வேற. இது பெட்ரோல் கதை.)

இனி வரலாறு.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம். செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகம். அங்கே 1916-ல் சேர்ந்தவர் தாமஸ் மிட்ஜ்லி. படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், கெமிஸ்ட்ரி இல்ல. தட்டலை நிறுத்தக் கையில் கிடைச்சதையெல்லாம் பெட்ரோலில் கலந்து பார்த்தார். அயோடின் வேலை செஞ்சது, விலை கட்டுப்படியாகல. அனிலின் வேலை செஞ்சது, நாத்தம். டெலூரியம் இன்னும் மோசம், உடம்புல ஒட்டின பூண்டு வாடை குளிச்சாலும் போகாது. கடைசியாக 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட். ஒரு கேலன் பெட்ரோலுக்கு சுமார் 3 மில்லி போதும், தட்டல் சுத்தமா நின்னுடும்.

லெட் என்றால் காரீயம். நம்ம பாட்டி ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேற உலோகம். காரீயம் கலக்காத சொம்பா இருக்கிற வரைக்கும் உங்க ரசத்துக்கு ஆபத்து இல்ல.

காரீயம் விஷம் என்பது அப்போதே டாக்டர்களுக்குத் தெரியாதான்னு கேட்பீங்க. ரோமானியர் காலத்தில் இருந்தே தெரியும். வயித்தைப் பிசையிற வலி, தொங்கிப் போற மணிக்கட்டு, ரத்தசோகை, பித்துப் பிடிக்கிறது என்று பாடப்புத்தகத்திலேயே இருந்தது. அதனாலோ என்னவோ, 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனைக்கு வந்தபோது பெயரில் ‘லெட்’ இல்லை. வெறும் ‘எத்தில்’. மிட்ஜ்லிக்கே அந்த வருஷத் தொடக்கத்தில் காரீய விஷம் ஏறி, நல்ல காற்று வாங்க ஃபுளோரிடா போக வேண்டியிருந்தது.

வேறு வழி இல்லாமல் இதைச் செஞ்சிருந்தா நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். வேறு வழி இருந்தது. ஆல்கஹால். கரும்பு, சோளம், மரக்கட்டை எதில் இருந்தும் எடுக்கலாம். அதன் ஆக்டேன் 100-ஐத் தாண்டும். ஆல்கஹால் கலந்த பெட்ரோல் தட்டாது என்று இன்ஜினியர்கள் மத்தியில் பேசியதும் இதே மிட்ஜ்லிதான். ஆனால் சாராயத்துக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. அதை எந்த விவசாயியும் காய்ச்சிடலாம். அதுவும் பத்து சதவீதத்துக்கு மேல கலக்கணும், அந்த அளவுக்கு எண்ணெய்க் கம்பெனிக்கு விற்பனை குறையும். 3 மில்லி காரீயத்தில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1924-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷனைத் தொடங்கினாங்க.

அதே வருஷம் அக்டோபர் மாசம், நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலிச்சது. இல்லாத பூச்சிகளைக் கையால விரட்டினாங்க. கட்டுப்படுத்தக் கட்டிப்போட வேண்டியிருந்தது. 5 பேர் செத்தாங்க, முப்பதுக்கும் மேற்பட்டவங்க ஆஸ்பத்திரியில். பத்திரிகைகள் இதைப் ‘பைத்தியக்கார வாயு’ என்று எழுதின. அக்டோபர் 30 அன்று மிட்ஜ்லி நிருபர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, ஒரு நிமிஷம் மோந்தும் காட்டினார். தினமும் இப்படிச் செஞ்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது என்கிற தோரணை. ஃபுளோரிடா போன கதையை அன்னைக்கு அவர் சொல்லலை.

இதை நான் சொன்னதும் நம்ம அண்ணன் சிரிச்சார். "நாங்க தினமும் அதானே சார் செஞ்சோம்? ட்யூபைப் போட்டு வாயால உறிஞ்சித்தான் டேங்க்ல இருந்து பெட்ரோல் எடுப்போம். கிரீஸ் கையை பெட்ரோல்லதான் கழுவுவோம். அப்புறம் அதே கையில பரோட்டா." அவர் கை கழுவினது பெட்ரோலில் கலந்த கொஞ்சூண்டு காரீயம், மிட்ஜ்லி கழுவினது சுத்தமான சரக்கு. ஆனால் இவர் கழுவினது இருபது வருஷத்துக்கு மேல.

1925 மே 20. வாஷிங்டனில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஸ்டாண்டர்ட் ஆயில் பிரதிநிதி ஒருத்தர் இந்தச் சரக்கைக் கடவுள் கொடுத்த பரிசு என்றார். எதிர்ப் பக்கம் நின்றவர் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். ஹார்வர்டில் பேராசிரியர் பணியில் சேர்ந்த முதல் பெண், தொழிற்சாலை நோய்களைத் தேடித்தேடிப் பதிவு செய்தவர். தொழிற்சாலையை வேணும்னா கட்டுப்படுத்திடலாம், தெருவெல்லாம் இதைத் தூவினால் எப்படிக் கட்டுப்படுத்துவீங்க என்பதுதான் அவருடைய கேள்வியின் சாரம்.

ஒரு குழு போட்டாங்க. 252 பேரைச் சில மாசம் மட்டும் பார்த்துட்டு, தடை செய்யப் போதுமான காரணம் இல்லை, ஆனால் ஆய்வு தொடரணும் என்று 1926-ல் அறிக்கை கொடுத்தாங்க. காரீயம் வருஷக்கணக்கில் எலும்பில் சேர்ற சாமான். அதைச் சில மாசத்தில் பார்த்துத் தீர்ப்பு. தொடர வேண்டிய ஆய்வை அரசு தொடரவே இல்லை.

அந்த இடத்தை நிரப்பினவர் இன்னொரு டாக்டர், ராபர்ட் கெஹோ. எத்தில் கம்பெனியின் தலைமை மருத்துவ ஆலோசகர். அவருடைய ஆய்வகத்துக்குப் பணம் வந்ததும் இந்தத் துறையின் கம்பெனிகளிடம் இருந்துதான். காரீயம் மனுஷ உடம்பில் இயற்கையாகவே இருக்கு, ஓர் அளவுக்குக் கீழே ஆபத்து இல்லை, ஆபத்துன்னு சொல்றவங்க நிரூபிக்கட்டும் என்பது அவர் வாதம். அடுத்த நாற்பது வருஷம் இதுதான் மருத்துவ உலகத்தின் வாதமாகவும் இருந்தது. அவர் பொய் சொன்னார்னு நான் சொல்லலை. ஆனா ஒரு மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவர்றவங்கதான் அது பாதுகாப்பானதுன்னு நிரூபிக்கணும். விழுங்கப் போறவன் கிட்ட நிரூபணம் கேட்கிறது தலைகீழ்.

நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும். 1940-ல் பிரிட்டன் வானில் பறந்த ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் மெர்லின் இன்ஜினில் சூப்பர்சார்ஜர் இருந்தது. காரீயம் கலந்த 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைச்சதால் இன்னும் அதிக அழுத்தத்தில் காற்றைத் திணிச்சும் தட்டாமல் பறக்க முடிஞ்சது. இந்தச் சரக்கு உருப்படியான வேலை செஞ்ச இடம் அது. பள்ளிக்கூட வாசல்ல நிக்கிற ஸ்கூட்டருக்கும் அதே சரக்கை ஊத்தினதுதான் பிரச்சினை.

கெஹோவின் வாதத்தை உடைச்சவர் டாக்டர் இல்லை. கிளேர் பேட்டர்சன் என்ற புவி வேதியியல் அறிஞர். பூமியின் வயசு சுமார் 455 கோடி வருஷம் என்று கணக்கிட்டவர். அந்த ஆய்வில் எதைத் தொட்டாலும் காரீயம் ஒட்டிக்கிட்டு வந்தது. எங்க இருந்து வருதுன்னு தேடினார். கிரீன்லாந்து பனியின் பழைய அடுக்குகளையும் புது அடுக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இயற்கையானதுன்னு சொன்ன அளவு இயற்கையே இல்லை, மனுஷன் கொட்டினது என்று தெரிஞ்சது. 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர், குழந்தைகளின் விழுந்த பால் பற்களில் காரீயத்தை அளந்து, அளவு கூடக்கூட அறிவுத்திறன் குறைவதைக் காட்டினார். அதுக்காகப் பின்னாளில் அவர் மேல விசாரணையெல்லாம் நடந்தது. அமெரிக்காவில் பெட்ரோலில் காரீயத்தைக் குறைக்கக் குறைக்க, மக்களின் ரத்தத்தில் காரீயம் 1970-களின் கடைசிக்கும் 1990-களின் தொடக்கத்துக்கும் இடையில் சுமார் 78 சதவீதம் இறங்கிருச்சு. நிரூபணம் கேட்டவங்களுக்கு இதைவிடப் பெரிய நிரூபணம் கிடையாது.

நம்ம ஊருக்கு வருவோம். 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நகரங்களில் புதுக் கார்களுக்காகக் காரீயம் இல்லாத பெட்ரோல் வந்தது. நாடு முழுக்க மாறினது 2000 பிப்ரவரி 1-ல். அதாவது என் வயசுக்காரங்க எல்லாரும் காரீயப் புகையில் பிறந்து வளர்ந்தவங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடை, ஆட்டோ பின்னாடி ஸ்கூலுக்குப் போனது எல்லாம் அதில்தான். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது.

உடம்புக்குள்ள காரீயம் என்ன செய்யுது? கால்சியம் மாதிரி வேஷம் போடுது. நரம்புச் செல்லும் எலும்பும் கால்சியம்னு நம்பி உள்ள விட்டுடும். எலும்புக்குள் போனது பல பத்து வருஷம் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காகத் தாயின் எலும்பில் இருந்து கால்சியம் கரையும்போது இதுவும் சேர்ந்து கரைஞ்சு ரத்தத்துக்கு வரும். 2000-ல் மூடின கணக்கு அந்த வருஷத்தோட முடியலைன்னு நான் சொல்றது இதை வச்சுத்தான்.

காரீயம் வர்ற வழியும் அத்தோட அடைபடலை. பெட்ரோல் மாறின பிறகு சென்னையில் 3 முதல் 7 வயசு வரை உள்ள 756 குழந்தைகளைப் பரிசோதித்து 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். இன்னைக்கு அமெரிக்காவில் 3.5 வந்தாலே குழந்தையைக் கவனிக்கச் சொல்றாங்க. அளவு கூடின குழந்தைகளுக்குக் கவனக்குறைவு அதிகம்னு ஆசிரியர்கள் நிரப்பின படிவங்களில் தெரிஞ்சது. பழைய பேட்டரியை உடைச்சு உருக்குற இடம், சில பெயின்ட், நிறத்துக்காகக் கலப்படம் பண்ணின மஞ்சள் தூள், இதெல்லாம் இன்னும் இருக்கு. சின்ன பிஸ்டன் விமானங்களின் பெட்ரோலில் இன்னைக்கும் காரீயம் கலக்கத்தான் செய்றாங்க.

பங்க்ல இப்ப என்ன ஊத்துறாங்க? 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தட்டலைக் குறைக்க ஆல்கஹால். மைலேஜ் குறையுது, பழைய வண்டி ஹோஸ் கெட்டுப்போகுதுன்னு அண்ணனுக்கு அதில் ஆயிரம் குறை, அதில் நியாயமும் இருக்கு. ஆனா இது 1921-லயே கையில் இருந்த வைத்தியம் என்று சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"அப்ப என் எலும்புல இன்னும் இருக்குமா சார்?"

"இருக்கும்ணே. இப்ப ரத்தத்துல பார்த்தா சமீபத்துல ஏறினதுதான் முக்கியமா தெரியும். எலும்புல படிஞ்சு கிடக்கிறது எவ்வளவுன்னு அதுல சொல்ல முடியாது."

"பிரஷர் இதனால இருக்குமோ?"

காரீயம் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், அது உண்மை. ஆனா அவருக்கு பீடியும் இருக்கு, உப்புக்கண்டமும் இருக்கு. பிரிச்சுச் சொல்ல என்கிட்ட வழியில்லை. மாத்திரையை எழுதிட்டு, கடையில பேட்டரி வேலை பார்க்கிற பையன் வேலைத்துணியோட வீட்டுக்குப் போறானான்னு கேட்டேன். ஆமான்னார். அவனுக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்காம். ரெண்டு பேரையும் அடுத்த வாரம் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.