திலகவதியார் உயிர் தாங்கிய வரலாறு

விழுப்புரத்துக்கு வடக்கே மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையுமின்றி மூவர்க்குக் கோயில் எடுத்ததாக முதல் மகேந்திரவர்மன் கல்லிற் பொறித்துளான். திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கைக் குடைவரையும் அவன் காலத்ததென்பர். கி. பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட அவ்வேந்தனைக் கல் காட்டுகின்றது. அக்காலத்தவராகக் கொள்ளப்படும் திலகவதியாரையோ, ஐந்நூறு ஆண்டு கழித்துச் சேக்கிழார் பாடிய பெரியபுராணமே நமக்கு விரித்துரைக்கின்றது.

விழுப்புரத்திற்குத் தெற்கே, பண்ணுருட்டியை அடுத்த திருவாமூர் அம்மையார் பிறந்த ஊர். பன்னிரண்டு ஆண்டு அணுகும் பருவத்தே கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு மணம் பேசப்பெற்றார். அவர் அரசன் ஏவலால் வடபுலத்தார்மேற் போர்க்குச் சென்றார். அதற்குள் தந்தை புகழனார் மறைந்தார். தாய் மாதினியாரும் உடன் சென்றார். பின்னர்க் கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தியும் வந்தது. பெற்றோர் தம்மை அவர்க்கென்றே இசைந்தமையின் இவ்வுயிரும் அவர்க்கே உரியதென அம்மையார் உயிர்விடத் துணிந்தார். இளையவர் மருணீக்கியார் அடியில் விழுந்து, தாம் முன்னரே உயிர் நீப்பதாகக் கூறியழ, அவர் பொருட்டு உயிர் தாங்கினார்.

இதனோடு நிறுத்திக் கூறுவாரே பலர். ஆயின் பின்னர் நிகழ்ந்ததே ஆராயற்பாலது. எத்தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினாரோ, அத்தம்பியே பாடலிபுத்திரஞ் சென்று சமணஞ் சார்ந்து தருமசேனர் ஆயினார். உயிர் தாங்கற்குக் கூறிய காரணம் ஒழிந்தது. அம்மையார் முன்னைய துணிவிற்கு மீண்டாரல்லர். மணமகன் பொருட்டும் அன்று, தம்பி பொருட்டும் அன்று, தமக்கென ஒரு வாழ்வைத் தாமே தேர்ந்து கெடிலக் கரைத் திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். அலகிடுதல், மெழுகிடுதல், மாலை தொடுத்தல் அவர் பணியாயின. தம்பியை மறந்தாரோ எனின், இல்லை. அவரை மீட்டருளுமாறு இறைவனை நாளும் வேண்டினார்.

சூலை நோயுற்ற தம்பியார் மடைத்தொழிலாளன் ஒருவனை விடுத்து அழைத்தபோது அவர் கூறிய விடையே அவர் யாரென்பதைக் காட்டும்: சமணப் பள்ளிக்குத் தாம் வருவதில்லை என்றார். அன்பு குறைந்ததன்று; நின்ற நிலை பெயர்ந்திலர். தம்பியாரே இருளில் நடந்து வந்தார். ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தவர் அம்மையார். அதனை அணிந்தவர் நாவுக்கரசர் ஆயினார். அறுபத்துமூவருள் அம்மையார் எண்ணப்பெற்றிலர்.

வைகறையிற் கோயில் புகும் பொழுதாயிற்று. திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் கொண்டு, தம்பியார் பின்வர, என்றும்போல் அம்மையார் பணிக்குச் சென்றார்.